தாமரைக்குச் சொந்தம் சில்வர் ஓக். அல்லி வேறு கூட்டம்

போன மாதம் ஈரோட்டில் ஒரு பெரிய மளிகைக்கடையில் ஒரு பாக்கெட் கண்ணில் பட்டது. உள்ளே பாப்கார்ன் மாதிரி பொரிந்த வெள்ளை உருண்டைகள். மேலே 'மக்கானா' என்று பெரிய எழுத்து, அதற்குக் கீழே 'தாமரை விதைப் பொரி', பக்கத்தில் இளஞ்சிவப்பில் ஒரு தாமரைப் படம். விலையைப் பார்த்து ஒரு தடவை மூச்சு நின்றது. அதைவிட, அந்தப் பாக்கெட்டில் தாமரை சம்பந்தப்பட்டது அந்தப் படம் மட்டும்தான் என்பது இன்னும் வேடிக்கை.

மக்கானா விளைவது யூரியேல் ஃபெராக்ஸ் என்ற நீர்ச்செடியில். இலை, காம்பு, காய் என்று உடம்பு முழுக்க முள். பிகாரின் மிதிலைப் பகுதிக் குளங்களில்தான் பெரும்பகுதி விளைகிறது. 2022ல் 'மிதிலா மக்கானா'வுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, 2025 மத்திய பட்ஜெட்டில் அதற்கென்று ஒரு வாரியமும் அறிவித்தார்கள். காயிலிருந்து கறுப்பு விதையை எடுத்து, காயவைத்து, வறுத்து, சூட்டோடு தட்டினால் வெடித்துப் பொரியும். செடி அல்லிக் குடும்பம். அல்லி விதையைத் தின்பது நமக்கும் புதிதல்ல. கணவனை இழந்த பெண் அல்லி அரிசி உண்டு நாள் கழிப்பதைப் புறநானூற்றுப் பாடல் ஒன்று (248) சொல்கிறது. அன்றைக்கு அது கைம்மைச் சோறு, இன்றைக்கு டயட் சாப்பாடு.

கூட வந்த நண்பரிடம் இதைச் சொன்னேன். "தாமரையும் அல்லியும் ஒண்ணுக்குள்ள ஒண்ணுதானுங்களே, அதுக்கு எதுக்கு இத்தனை?" என்றார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. தாவரவியலாளர்களே இருநூறு வருடத்துக்கும் மேல் அப்படித்தான் நினைத்தார்கள்.

எங்கள் ஊர்க் குட்டையில் நான் சிறுவனாக இருந்தபோது மழை பெய்த வருடம் ஆம்பல், அதாவது அல்லி, மண்டிக் கிடக்கும். அமுச்சி (அம்மாவின் அம்மா) தண்டோடு பறித்துத் தருவார். தண்டை விரலளவுக்கு ஒடித்து, ஒரு பக்கத் தோலை மட்டும் விட்டு உரித்து, மாற்றி மாற்றி ஒடித்துக்கொண்டே போனால் கழுத்து மாலை ஆகிவிடும். பூ பதக்கம் மாதிரி கீழே தொங்கும். "ஏனுங் அமுச்சி, தாமரைல இப்படிப் பண்ண முடியாதுங்களா?" என்று கேட்டதற்கு, "அது முள்ளு கண்ணு, கையக் கிழிச்சுப்போடும்" என்றார். பல வருடம் கழித்து, குறிஞ்சிப்பாட்டின் 99 பூக்களில் தாமரைக்கு மட்டும் 'முள் தாள்' என்று அடைமொழி இருப்பதைப் படித்தபோது அமுச்சியின் குரல்தான் கேட்டது. தாள் என்றால் தண்டு. அந்தப் பட்டியலில் ஆம்பல் தனி, குவளை தனி, நெய்தல் தனி, தாமரை தனி.

தமிழில் இந்த இரண்டுக்கும் பேர்க் குழப்பமே இல்லை. ஆங்கிலத்தில்தான் வில்லங்கம். எகிப்தின் 'நீல லோட்டஸ்' என்பது அல்லி. அல்லிப் பேரினத்துக்குள் இரவில் பூக்கும் ஒரு பிரிவுக்கு 'லோட்டோஸ்' என்றே பெயர். சரி, தாவரவியலில் 'லோட்டஸ்' என்ற பேரினம் எதுவென்று தேடினால் அது அவரை, துவரைக் குடும்பத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது. தாமரைக்கு அந்தப் பெயரே இல்லை.

அறிவியல் பெயர் சூட்டும் வழக்கத்தை நிலைநிறுத்திய லின்னேயஸ் 1753ல் தாமரையை 'நிம்ஃபியா நெலும்போ' என்று எழுதினார். நிம்ஃபியா என்பது அல்லியின் பேரினம். அதாவது தாமரையும் ஒரு வகை அல்லிதான் என்று முடிவு கட்டிவிட்டார். பத்து வருடத்தில் பிரெஞ்சுக்காரர் அதான்சோன் அதைப் பிரித்து 'நெலும்போ' என்று தனிப் பேரினம் ஆக்கினார் (1763). தாமரையைச் சிங்களத்தில் 'நெலும்' என்பார்கள், அதிலிருந்து வந்த பெயர். நம் தாமரை இன்று நெலும்போ நூசிஃபெரா. அந்தப் பேரினத்தில் இப்போது உயிரோடு இருப்பவை இரண்டே சிற்றினங்கள்: ஆசியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் வளரும் நம்முடையது, அமெரிக்காவில் மஞ்சளாகப் பூக்கும் நெலும்போ லூட்டியா.

பேரினம் பிரிந்தாலும் குடும்பம் பிரியவில்லை. 19ஆம் நூற்றாண்டில் பெந்தமும் ஹூக்கரும் உலகத்து விதைத் தாவரங்களை அடுக்கியபோது தாமரையை நிம்ஃபியேசி என்ற அல்லிக் குடும்பத்துக்குள்ளேயே வைத்தார்கள். நம் கல்லூரிகள் தலைமுறை தலைமுறையாகப் படித்தது அந்த அடுக்குதான். கேம்பிள் 1915ல் வெளியிடத் தொடங்கிய சென்னை மாகாணத் தாவரத் தொகுப்பிலும் இரண்டும் ஒரே கூரைக்குக் கீழேதான். கோவையில் வேளாண் பல்கலைக்கழக வளாகத்துக்குள் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டிப் பாதுகாக்கும் அதன் பெரிய தொகுப்புக்குப் பெயர் மெட்ராஸ் ஹெர்பேரியம். சென்னையில் பிறந்து, போன நூற்றாண்டின் தொடக்கத்தில் கோவைக்குக் குடிவந்தது. பெயரை மட்டும் இன்னும் மாற்றிக்கொள்ளவில்லை. தென்னிந்தியச் செடி ஒன்றின் பெயரில் சந்தேகம் வந்தால் ஆய்வாளர்கள் வந்து நிற்கும் இடம் அது.

கொங்கு வேளாளர் வீடுகளில் சம்பந்தப் பேச்சு எழுந்தால் முதல் கேள்வி 'என்ன கூட்டம்?' என்பதுதான். ஒரே கூட்டம் என்றால் பங்காளி, பேச்சு அங்கேயே முடிந்தது. இரண்டு பேருக்கும் முகம் ஒரே அச்சாக இருக்கிறதா, ஒரே ஊரில் குடியிருக்கிறார்களா என்பதெல்லாம் கணக்கில் வராது. வம்சம்தான் கணக்கு. தாவரவியல் வகைப்பாடும் இன்றைக்கு அப்படித்தான் நடக்கிறது. அன்றைக்கு வம்சாவளியைப் பார்க்க வழியில்லை, முகஜாடையை வைத்துத்தான் கூட்டம் சேர்த்தார்கள். இரண்டும் தண்ணீரில் வளர்கிறது, சேற்றில் கிழங்கு, வட்ட இலை, நீண்ட காம்பு, அடுக்கு அடுக்காக இதழ். வேறென்ன வேண்டும்?

ஆனால் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால் ஜாடையே கலையத் தொடங்கும். அல்லி இலையில் காம்பு சேரும் இடம் வரை ஒரு வெட்டு இருக்கும், யாரோ ஒரு துண்டு தோசையைப் பிய்த்து எடுத்த மாதிரி. தாமரை இலையில் வெட்டு கிடையாது. குடைக்குக் கம்பி போல் காம்பு நட்டநடுவில் அடியிலிருந்து ஏறும். அல்லி இலை தண்ணீர் மேல் படுத்தே கிடக்கும், தாமரையின் முதிர்ந்த இலைகள் எழுந்து காற்றில் நிற்கும். தாமரை இலைத் தண்ணீர் உருண்டு ஓடுவது எல்லோருக்கும் தெரியும். இலையின் மேல் கண்ணுக்குத் தெரியாத மேடுகளும் அவற்றின் மேல் மெழுகுத் துகளும் இருப்பதால் துளிக்கு ஒட்ட இடம் கிடைப்பதில்லை, உருளும்போது தூசியையும் கூட்டிக்கொண்டு போய்விடும். 1997ல் பார்ட்லாட், நைன்ஹுயிஸ் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் இதை விளக்கி எழுதிய பிறகு, தன்னைத் தானே கழுவிக்கொள்ளும் சுவர்ப்பூச்சு வரைக்கும் அந்த யோசனை போனது. அல்லி இலையில் தண்ணீர் அந்த அளவுக்கு உருளாது.

தாமரைக் காம்பை ஒடித்து மெதுவாக இழுத்தால் சிலந்தி நூல் மாதிரி இழை நீளும். பூஜைச் சாமான் கடையில் விற்கிற தாமரைத் தண்டுத் திரி அந்த நூலின் பெயரில்தான் ஓடுகிறது. அல்லித் தண்டில் அந்த வேலை நடக்காது.

பூவுக்குள் போனால் வித்தியாசம் இன்னும் பெரிது. தாமரையின் நடுவில் கவிழ்த்த கூம்பு மாதிரி ஒன்று இருக்கிறதே, அதைப் பழந்தமிழில் பொகுட்டு என்பார்கள். நல்ல சொல், பாடப்புத்தகங்கள் ஏனோ கைவிட்டுவிட்டன. அந்தப் பொகுட்டில் குழி குழியாக இருக்கும், குழிக்கு ஒரு சூலகம், ஒவ்வொன்றும் தனிக் குடித்தனம். காய்ந்ததும் ஷவர் தலை மாதிரி ஆகி, உள்ளே விதைகள் கடகடவென்று ஆடும். அல்லியில் சூலக இலைகள் எல்லாம் ஒன்றாக ஒட்டி ஒரே உருண்டை. பூத்து முடிந்ததும் காம்பு சுருண்டு காயைத் தண்ணீருக்குள் இழுத்துக்கொள்ளும். பழுத்து வெடித்த பிறகு, பொடி விதைகள் பஞ்சு மாதிரி ஓர் உறையோடு மிதந்து போகும். தாமரை விதையோ கல். வட கிழக்குச் சீனாவில் வற்றிப்போன ஏரிப் படுகையிலிருந்து எடுத்த, சுமார் 1300 வருடம் பழைய விதை ஒன்றை முளைக்க வைத்ததாக 1995ல் ஷென் மில்லர் குழு எழுதியது.

தாமரைப் பூ சூடாகவும் இருக்கும். கவித்துவமாகச் சொல்லவில்லை. ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு பூங்காவில் அளந்து 1996ல் வெளியிட்டார்கள். வெளியே 10 டிகிரி குளிரானாலும் பூவின் உள்ளே 30லிருந்து 36 டிகிரி வரை தானே வைத்துக்கொள்கிறது, கிட்டத்தட்ட நம் உடம்புச் சூடு. ராத்திரி தங்க வருகிற வண்டுகளுக்குக் கதகதப்பான அறை. வாடகை மகரந்தம்.

இவையெல்லாவற்றையும்விட முக்கியமான ஜாடை கண்ணுக்கே தெரியாதது: மகரந்தத் தூள். ஒவ்வொரு தூளிலும் முளைக்குழாய் வெளியே வருவதற்கு வாசல் இருக்கும். அல்லித் தூளுக்கு ஒரு வாசல். நெல்லுக்கும் தென்னைக்கும் அப்படித்தான். தாமரைத் தூளுக்கு மூன்று வாசல். பருத்தி, ஆமணக்கு, வேம்பு, மா என்று உண்மையான இருவித்திலைத் தாவரங்கள் எல்லாம் வந்த வம்சத்துக்கு மூன்று வாசல்தான் அடையாளம். நுண்ணோக்கி வைத்திருந்தவர்களுக்கு இந்தச் சந்தேகம் முன்னமே இருந்தது. 1981ல் குரோன்குவிஸ்ட் தாமரைக்குத் தனிக் குடும்பம் கொடுத்தார், நெலும்போனேசி. ஆனாலும் அல்லித் துறையை (குடும்பங்கள் சேர்ந்தது துறை) விட்டு வெளியே அனுப்ப அவருக்கு மனசு வரவில்லை.

அப்புறம் 1993ல் வந்தது அந்தத் தீர்ப்பு. மார்க் சேஸ் தலைமையில் 40க்கும் மேற்பட்ட ஆய்வாளர்கள் சேர்ந்து 499 விதைத் தாவரச் சிற்றினங்களின் பசுங்கணிகத்திலிருந்து ஒரே ஒரு மரபணுவை, ஆர்பிசிஎல் என்பதை, எடுத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டார்கள். காற்றிலிருந்து கரியைப் பிடிக்கும் நொதியின் ஒரு பாகத்தைச் செய்யும் மரபணு அது, பச்சைத் தாவரம் எதிலும் இருக்கும், அதனால் ஒப்பிட வசதி. வந்த வம்சாவளி மரத்தில் தாமரை அல்லிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பிளாட்டனஸ் மரத்தின் பக்கத்தில் போய் நின்றது. காஷ்மீர்ப் படங்களில் இலையுதிர் காலத்தில் செக்கச்செவேலென்று நிற்குமே சினார், அதுதான் பிளாட்டனஸ். 1998ல் ஏபிஜி என்ற பன்னாட்டுத் தாவரவியலாளர் குழு புது வகைப்பாட்டை வெளியிட்டபோது தாமரை புரோட்டியேல்ஸ் துறைக்குப் போனது. 2016ல் வந்த நான்காம் பதிப்பிலும் அங்கேதான் இருக்கிறது.

அந்தத் துறையில் இன்னொரு சொந்தக்காரர் இருக்கிறார். வால்பாறை தேயிலைத் தோட்டங்களில் வரிசை வரிசையாக நிற்கும் மரம், ஏற்காட்டில் காப்பிச் செடிக்கு நிழலாகவும் மிளகுக் கொடிக்குக் கொம்பாகவும் இருக்கும் மரம், சில்வர் ஓக். ஊர் கிழக்கு ஆஸ்திரேலியா, பெயர் கிரெவில்லியா ரொபஸ்டா. (ஓக் மரத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. வெள்ளைக்காரனும் நம்மைப் போலத்தான், பார்த்ததற்குத் தெரிந்த பேரை வைத்துவிடுவான்.) பொள்ளாச்சி ரோட்டில் தாமரைக்குளம் என்று ஓர் ஊர் உண்டு. அந்தப் பக்கக் குளம் எதிலாவது தாமரை பூத்திருந்தால், அதன் பங்காளி ஆழியாறு தாண்டி மலை மேல் ஆணியடித்த மாதிரி நெட்டுக்குத்தாக நிற்கிறது. ஒன்று சேற்றில், ஒன்று மேகத்தில். பத்து கோடி வருடத்துக்கும் முன்னால் பாகம் பிரித்துக்கொண்ட பங்காளிகள், ஜாடை எப்படி மிஞ்சும்?

சரி, அல்லி எங்கே போனது? அது எங்கேயும் போகவில்லை, எல்லோருக்கும் முன்னால் பிரிந்து தனியே உட்கார்ந்துவிட்டது. 1999ல் அடுத்தடுத்து வந்த ஆய்வுகள் சொன்ன கதை இது. பூக்கும் தாவரங்களின் அடிமரத்தில் முதலில் பிரிந்த கிளையில் இன்று மிச்சம் இருப்பது ஒரே ஒரு புதர், நியூ கலிடோனியாத் தீவின் அம்போரெல்லா. இரண்டாவதாகப் பிரிந்த கிளைதான் அல்லி வகையறா. மூன்றாவது கிளையில் இருப்பது பிரியாணிக்குப் போடுகிற அன்னாசிப்பூ. இந்த மூன்றும் ஒதுங்கிய பிறகுதான் மீதிப் பெருங்கூட்டம் முக்கியமாக ஒருவித்திலை, இருவித்திலை என்று பிரிகிறது. ஆக, அல்லி ஒருவித்திலையும் அல்ல, இன்றைய கணக்கில் இருவித்திலையும் அல்ல.

இதிலிருந்து வரும் ஒரு கணக்கை எங்கள் வீட்டில் யாரும் நம்பவில்லை. தாமரைக்கு அல்லியைவிட ஈரோட்டு மஞ்சள் நெருங்கிய சொந்தம். பொள்ளாச்சித் தென்னை நெருங்கிய சொந்தம். காங்கேயத்துக் கொறங்காட்டில் மாடு மேய்கிற கொழுக்கட்டைப் புல்லும்கூட அல்லியைவிடத் தாமரைக்குக் கிட்டத்துச் சொந்தம்தான்.

அப்படியானால் ஜாடை எங்கிருந்து வந்தது? குளம் கொடுத்தது. தண்ணீருக்கு மேல் இலையை விரித்து வாழ வேண்டும் என்றால் வழிகள் குறைவு. காற்று வாங்கும் துளைகள் இலையின் மேல் பக்கம் இருக்க வேண்டும். சேற்றில் மூச்சு முட்டும் கிழங்குக்குக் காம்பு வழியாகக் காற்று இறங்க வேண்டும், அதனால் உள்ளே குழாய் குழாயாகத் துளை. தாமரைக் கிழங்கை வட்டமாக நறுக்கினால் தெரியும் பூவேலை அதுதான். அலை கிழிக்காமல் இருக்க இலை வட்டமாக இருப்பது நல்லது. இந்த நிபந்தனைகளுக்கு எந்த வம்சம் தண்ணீரில் இறங்கினாலும் ஏறக்குறைய ஒரே விடையைத்தான் எழுதும்.

எழுதியிருக்கிறார்கள். மழைக்காலக் குட்டைகளில் அல்லி இலையை அச்சாக வார்த்தாற்போல் சின்னச் சின்ன இலைகளும், ஓரமெல்லாம் நூல் பிசிறு தொங்கும் ஐந்து இதழ் வெள்ளைப் பூவுமாக ஒன்று மிதக்கும். குட்டி அல்லி என்று நினைத்து நானே படம் எடுத்து வைத்திருந்தேன். அது நிம்ஃபாய்டஸ், சூரியகாந்தியின் துறை. மூதுரையில் ஔவை சொல்லும் 'கொட்டியும் ஆம்பலும் நெய்தலும்' நினைவிருக்கும். வற்றிய குளத்தை விட்டுப் பறவைகள் போன பிறகும் ஒட்டியே கிடப்பவை. இதில் கொட்டி ஒருவித்திலைத் தாவரம், மற்ற இரண்டுக்கும் உறவே இல்லை. ஔவை சொன்னது அவை குளத்தோடு கொண்ட உறவை, ஒன்றோடொன்று கொண்ட உறவை அல்ல. அந்த வகையில் பாட்டு சரியாகத்தான் இருக்கிறது. தண்ணீர் போனதும் இலை கருகும், கிழங்கு மட்டும் சேறு வெடித்த நிலத்துக்குள் அடுத்த மழைக்குக் காத்திருக்கும்.

எதிர்த்திசையிலும் ஒரு கூத்து நடந்தது. கொங்கணத்தில் (நம் கொங்கு அல்ல, மேற்குக் கடற்கரை) ட்ரிதூரியா என்று விரலளவுகூட இல்லாத ஒரு செடி இருக்கிறது. பார்த்தால் கோரைக் கன்று. அதன் குடும்பத்தையே புல்லுக்குப் பக்கத்தில்தான் வைத்திருந்தார்கள். 2007ல் மரபணுவைப் பார்த்தால் அல்லியின் நெருங்கிய பங்காளி. அச்சாக இருந்தது அந்நியம், அடையாளமே தெரியாதது சொந்தம்.

தாமரையையும் அல்லியையும் பிரித்து வைத்ததற்காகத் தமிழைப் பாராட்டினேன். ஆனால் தாமரை என்ற பெயரை நாம் வாரி இறைத்ததற்கும் கணக்கு இருக்கிறது. நொய்யல் குளங்களை மூடிக் கிடக்கிறதே ஆகாயத்தாமரை, சிலர் வெங்காயத்தாமரை என்பார்கள், அது அமேசானிலிருந்து வந்த ஒருவித்திலைச் செடி. ஆகாயத்தாமரை என்ற பெயர் முன்பு வேறொரு மிதக்கும் செடிக்கு உரியது, சேப்பங்கிழங்குக் குடும்பத்து பிஸ்டியா. புதிதாக வந்த களை அதன் பெயரையும் பிடுங்கிக்கொண்டது. நாட்டு மருந்துக்கடையில் கேட்கும் ஓரிதழ் தாமரை வயல்வரப்பில் முளைக்கும் பூண்டு, குளத்துப் பக்கமே வராது. கொங்கில் குளத்தைத் தூர்வாரும்போதெல்லாம் 'தாமரையை அகற்றினோம்' என்று செய்தி வருவதைப் பார்க்கும்போது எந்தத் தாமரை என்று கேட்கத் தோன்றும். அந்தக் களையோடு சேர்த்து ஆம்பல் கிழங்கையும் பொக்லைன் அள்ளிக்கொண்டு போவதை நான் பார்த்திருக்கிறேன்.

அல்லிக்குள்ளேயே பிரிக்க வேண்டியவை உண்டு. வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ சாயங்காலம் விரிந்து மறுநாள் வெயில் ஏறும்போது கூம்புவது நிம்ஃபியா பியூபசென்ஸ், நம் ஆம்பல். இலையின் அடியில் மெல்லிய ரோமம், ஓரம் ரம்பம் மாதிரி. பகலில் விரியும் நீலப்பூ நிம்ஃபியா நூசாலி. குவளை, நெய்தல், நீலோற்பலம் என்ற பெயர்களில் எது இதற்கு, எது வேறொன்றுக்கு என்பதில் அறிஞர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. அந்த வழக்குக்குள் நான் போகவில்லை.

இப்போது எங்கள் மொட்டைமாடியில் இரண்டு தொட்டி இருக்கிறது. நர்சரிக்காரர் சொன்னபடி தாமரைக்கு ஓட்டையில்லாத அகலத் தொட்டி, அதன் கிழங்கு ஓரத்தைச் சுற்றிச் சுற்றி ஓடும். ஆழத் தொட்டியில் ஒரு கலப்பின அல்லி, அது இருந்த இடத்தை விட்டு நகராது. பிளஸ் ஒன் படிக்கும் அக்கா மகள் போன ஞாயிறு ரெக்கார்டு நோட்டுக்குப் படம் வரைய ஒரு பூவைப் பறித்துப் பிரித்தாள். வெளியே நாலு பச்சை, புல்லி வட்டம், சரி. அடுத்தது அல்லி வட்டம், அதாவது இதழ்கள். உள்ளே போகப் போக இதழ் ஒடுங்குகிறது, நுனியில் மஞ்சள் தட்டுகிறது, அப்புறம் பாதி இதழாகவும் பாதி மகரந்தத்தாளாகவும் சில, அதற்கும் உள்ளே முழு மகரந்தத்தாள். நான் எண்ணினால் 19 இதழ், அவள் எண்ணினால் 23.

"மாமா, அல்லிப் பூவுல அல்லி எங்க முடியுது?"

இரண்டு பேரும் மறுபடி முதலிலிருந்து எண்ணினோம். எனக்கு 20 வந்தது.